பிரித்த செடியையே பிரித்தவர்

லான் யூச்சினுக்குச் செடி கொடி என்றாலே ஆகாது. மில்லின் நூற்புப் பிரிவில் இருபத்தாறு வருஷம் பஞ்சுத் தூசியைத் தின்றவள் அவள். வீட்டுக்குள் தூசி படியக்கூடிய எதுவும் அவளுக்கு எதிரி. அவளுக்கென்று வாய்த்த புருஷனோ பால்கனியில் நாற்பது தொட்டி ஏட்டுமூங்கில் வளர்த்தார்.

“எனக்கு ஒரே ஒரு பொண்ணு. அவருக்கு நானூறு புள்ளைங்க. ஒண்ணும் பள்ளிக்கூடம் போகல, ஒண்ணும் சம்பாதிக்கல, தண்ணி மட்டும் குடிக்குதுங்க” என்று படிக்கட்டில் நின்று, மேலே இருக்கிற அவர் காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சொல்வாள். விழாது. அவர் மில்லில் தறி மெக்கானிக்; அந்த வேலைக்காரர்களுக்கு ஐம்பது வயதுக்குள் பாதிக் காது போய்விடும்.

நான் அவர்களுக்குக் கீழ் வீடு. மில் மருந்தகத்தில் நர்ஸாக இருந்தவள். எனக்கு ஐம்பத்தாறு வயது ஆன பிறகும் மில் குடியிருப்பில் எல்லோருக்கும் நான் ‘சின்ன ஹூ’தான்.

அவர் பெயர் துவான் ஷோவன். ஸியாங்யாங் நகரத்து மில்காரர்கள் எல்லோருக்கும் துவான் மேஸ்திரி. கல்யாணம் ஆகி முப்பத்தெட்டு வருஷம் கழிந்தும் லான் அக்காவுக்குக்கூட அவர் மேஸ்திரிதான். ஸ்பின்னிங் பக்கம் ஒருநாள் மிஷின் நின்றுபோக, பழுது பார்க்க வந்தவரிடம் “மேஸ்திரி, இது ஓடுமா ஓடாதா?” என்று கேட்டாளாம். அதுதான் அவர்கள் பேசிய முதல் பேச்சு. பிறகு மாற்றிக் கூப்பிட வாய் வரவில்லை என்பாள்.

ஏட்டுமூங்கில் பெயரளவில்தான் மூங்கில். உண்மையில் தண்ணீர்விட்டான் கொடிக்கு ஒன்றுவிட்ட உறவு. இலை என்று தனியாக ஒன்றும் கிடையாது. மயிரிழை மாதிரி பச்சை, தட்டுத் தட்டாக விரிந்து நிற்கும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையின் மேஜையில் ஒரு தொட்டி வைப்பது எங்கள் வழக்கம். குடியிருப்பில் அப்படி வைக்கப்பட்ட தொட்டி ஒவ்வொன்றும் மேஸ்திரி வீட்டிலிருந்து வந்ததுதான். என் மகன் மேஜையிலும் ஒன்று இருந்தது. பாஸ் ஆனான், செடியை நான்தான் தண்ணீர் ஊற்றி ஊற்றி அழுகவிட்டேன். மேஸ்திரி திட்டவில்லை. இன்னொன்று கொடுத்தார்.

அவர் செடியைப் பிரிப்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். ஏப்ரலில் முன்னோர் கல்லறை கழுவும் திருநாள் முடிந்த வாரம்தான் அதற்கு நேரம். மூன்று நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுவார். தொட்டியைக் கவிழ்த்து, அடியில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. செடி மண்ணோடு கையில் வந்து உட்காரும். சாப்பிடும் குச்சியால் மண்ணை மெள்ள மெள்ள உதிர்ப்பார். சின்னச் சின்னக் கிழங்குகளோடு வெள்ளை வேர்கள் தெரியும். அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அவசரமே கிடையாது. தண்டுக் கூட்டம் தானாகவே எங்கே பிரிய நினைக்கிறதோ அந்த இடத்தில் மட்டும் கத்தி வைப்பார். பழைய ரம்பத் தகட்டில் அவரே தீட்டிச் செய்த கத்தி. ஒவ்வொரு பங்குக்கும் நாலைந்து தண்டு, அதற்கேற்ற கிழங்கு. வெட்டுவாயில் கொஞ்சம் சாம்பல். பிறகு இருபது நாள் நிழல்.

“ஒரு தடவை பிரிச்சா மூணு வருஷம் தொடக்கூடாது, சின்ன ஹூ. அதுக்குப் பயம் தெளியணும்” என்பார்.

விதையிலும் வளர்த்தார். ஜன்னலில் நூல் கட்டி ஏற்றிவிட்ட பழைய கொடிகள் குளிர்காலத்தில் மிளகு மாதிரி கறுத்த பழம் கொடுக்கும். சதையைத் தேய்த்துக் கழுவி அன்றைக்கே ஊன்றிவிடுவார். இந்த விதை காத்திருக்காது, வைத்தால் செத்துப்போகும் என்பார். ஒரு மாதம் போனால் ஊதா நிறத்தில் நூல் மாதிரி ஒரு முளை வரும். அன்று லான் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டுவார். “பாத்தாச்சு, பாத்தாச்சு. இதுக்குப் பேர் வைக்கணுமா, இல்ல நீங்களே வெச்சுட்டீங்களா?” என்று கேட்டுவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அவர் ஓய்வு பெற்று ஆறாவது வருஷம். ஏப்ரலில் வழக்கம்போல எல்லாம் பிரித்து முடித்தார். பத்து நாள் இருக்கும், லான் அக்கா கீழே வந்து என் கதவைத் தட்டினாள்.

“சின்ன ஹூ, அவர் மறுபடியும் பிரிக்கிறார்டீ.”

“எதை?”

“போன வாரம் பிரிச்சதையே.”

மேலே போனேன். பால்கனித் தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருந்தார். கையில் அந்தக் கத்தி. பத்து நாள் முன்னால் ஐந்து தண்டோடு நட்ட செடியை இரண்டாகவும் மூன்றாகவும் அறுத்துக்கொண்டிருந்தார். அதே நிதானம், அதே சாம்பல் டப்பா.

“மேஸ்திரி, இதைத்தானே போன வாரம் பிரிச்சீங்க?”

“யாரு? நானா?” என்று சிரித்தார். “பாரு, வேர் எப்படி முட்டிக்கிட்டு நிக்குது. மூச்சு விட முடியல பாவம்.”

அவர் கையில் இருந்த செடிக்கு வேர் என்று இருந்ததே மூன்று இழைதான்.

மே மாதத்தில் ஒவ்வொரு தொட்டியிலும் ஒற்றைத் தண்டு நின்றது. தொட்டி போதாமல் தயிர்க் கிண்ணம், டீ டப்பா, பல் துலக்கும் குவளை என்று எதிலெல்லாமோ குச்சி குச்சியாக நட்டு வைத்திருந்தார். ஜூனில் எல்லாம் மஞ்சளாகி, விரல் பட்டால் பொடிப்பொடியாக உதிர்ந்தன. அவர் கையைக் கட்டிக்கொண்டு அவற்றின் முன் நின்றார். “யாரோ என் செடிய நாசம் பண்றாங்க, யூச்சின்” என்றார்.

ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். டாக்டர் சின்னப் பெண். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னாள். “எதுக்குக் கழிக்கணும்? யார் எடுத்துக்கிட்டுப் போனது?” என்று கேட்டார் மேஸ்திரி. டாக்டருக்கும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, லான் அக்காவுக்கும்தான். பிறகு ஒரு கடிகாரம் வரையச் சொன்னாள். ரொம்ப நேரம் குனிந்து வரைந்தார். உள்ளே இருக்கிற பல்சக்கரங்களை ஒன்றோடொன்று கடித்தபடி, பல் எண்ணிக்கை கூடத் தப்பாமல் போட்டிருந்தார். மணி காட்டும் எண்களோ முள்ளோ இல்லை. அதைப் பார்த்த பிறகு எங்கள் மூவரில் யாரும் சிரிக்கவில்லை.

மறதி நோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். நோயை நிறுத்தாது, வேகத்தைக் குறைக்கும் என்றார்கள். அதையும் சரியாகக் குறைக்கவில்லை.

வீட்டில் மிஞ்சியது ஒரே ஒரு செடி. கூடத்து மூலையில் கூரை வரை ஏறி நின்ற தாய்ச்செடி. வாலிபத்தில் தறிக்கூடத்து மேஜையில் அவர் முதன்முதலாக வைத்தது. ஒரு நாள் அதன் அடியில் அவர் கத்தியோடு குந்தி உட்கார்ந்ததை லான் அக்கா பார்த்துவிட்டாள். அவர் தூங்குகிற மத்தியானத்தில், நூலை அறுத்துக் கொடியைச் சுருட்டி, அத்தனை பெரிய தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு இறங்கி வந்தாள். மூச்சு வாங்கியது.

“உன் பின் ரூம்ல வை. அவர் கேட்டா தெரியாதுன்னு சொல்லிடு.”

“அக்கா, நீதானே இதைத் தூக்கி ஆத்துல போடணும்னு சொல்லிட்டிருந்த?”

“ஆமா, சொன்னேன்” என்றாள். “இப்ப வை.”

எழுந்ததும் அவர் தேடினார். கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குள், அரிசிப் பானையில். பிறகு ஹான் ஆற்றங்கரை வரை நடந்து தேடினார். கடைசியில் அவளையே பிடித்தார். “நீதான் வித்துட்ட. உனக்கு அது மேல ஆரம்பத்துலேர்ந்தே கண்ணு.” எந்தப் பேச்சுக்கும் பதில் வைத்திருந்தவள், அன்றைக்கு முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டே இருந்தாள்.

தன் வீட்டில் செடி இல்லாமல் போனதும் மேஸ்திரி ஊர் வீடுகளுக்குக் கிளம்பினார். யார் யாருக்குச் செடி கொடுத்தோம் என்பது மட்டும் அவருக்கு மறக்கவே இல்லை. ஒவ்வொரு கதவாகத் தட்டி, “ரொம்ப நாளாச்சே, வேர் அடைச்சிருக்கும், பிரிச்சுத் தர்றேன்” என்பார். மேஸ்திரி ஆயிற்றே என்று எல்லோரும் சந்தோஷமாக எடுத்துக் கொடுத்தார்கள். வாங்கிய செடியை அங்கேயே வாசலில் உட்கார்ந்து பிரித்துக் கொடுத்தார். மறுநாள் அதே வீட்டுக்குப் போனார். அதற்கு மறுநாளும் போனார். ஒரு மாதத்தில் எங்கள் குடியிருப்பில் ஏட்டுமூங்கிலே இல்லாமல் போயிற்று.

முதலில் ஜோக்கடித்தார்கள். அப்புறம் கதவைத் திறப்பதை நிறுத்தினார்கள். எதிர் பிளாக்கில் புதிதாக வந்த ஒரு மருமகள், கைக்குழந்தைக்காரி, கதவைத் திறந்ததும் கத்தியோடு நிற்கிற கிழவரைப் பார்த்துவிட்டு அலறினாள். குடியிருப்புக் கமிட்டியிலிருந்து ஆள் வந்தது. மரியாதையாகத்தான் பேசினார்கள். “லான் அக்கா, மேஸ்திரியப் பத்தி எங்களுக்குத் தெரியாதா? ஆனா நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?”

அன்றிலிருந்து அவள் வெளியே போகும்போது அவரை உள்ளே வைத்துப் பூட்டினாள். பூட்டிய கதவை அவர் தட்டுவது கீழே என் வீட்டுக்குக் கேட்கும். சத்தம் போட மாட்டார். தட்டுவார், கொஞ்சம் நிறுத்துவார், மறுபடி தட்டுவார். வேலை நேரத்துக்கு மில் கேட்டைத் திறக்கவில்லை என்று நினைத்திருப்பார்.

கத்தியை அவள் எடுத்துக் குப்பையில் போட்டாள். அவர் தேக்கரண்டியால் சோபாவின் தையலைப் பிரித்தார். தலையணையைப் பிரித்தார். தன் சட்டையின் விளிம்பை நகத்தால் இழை இழையாகப் பிரித்து, ஒவ்வொரு இழையையும் மேஜையில் வரிசையாக வைத்தார். விரல் நுனியில் ரத்தம்.

அதைப் பார்த்த பிறகுதான் லான் அக்கா ஒரு முடிவுக்கு வந்தாள். பழைய நகர மதில் ஓரத்துப் பூச்சந்தையில் பிளாஸ்டிக் சட்டியில் மலிவாக ஏட்டுமூங்கில் விற்பார்கள். சனிக்கிழமை போய் மூன்று வாங்கி வந்தாள். அவர் முன்னால் செய்தித்தாளை விரித்து, வெண்ணெய் தடவும் மொக்கைக் கத்தி ஒன்றைக் கையில் கொடுத்தாள்.

“மேஸ்திரி, இதுக்கு வேர் அடைச்சிருக்கு பாருங்க.”

அவர் முகம் அப்படியே மாறிவிட்டது. சட்டியைக் கவிழ்த்தார், அடியில் இரண்டு தட்டு தட்டினார். குச்சியால் மண் உதிர்த்தார். “மண்ணா இது? களிமண்ண வெச்சு ஏமாத்துறானுங்க” என்று வியாபாரியைத் திட்டினார். மூக்கால் ஏதோ பாட்டு முனகினார். இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரமும் லான் அக்கா எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாள்.

“அதுக்குள்ளதான்டீ இருக்காரு அவரு” என்றாள் என்னிடம். “ரெண்டு மணி நேரம் வந்துட்டுப் போறாரு.”

ஆனால் மூன்று சட்டி ஒரு நாளுக்குக்கூட வரவில்லை. மறுநாள் காலை மாட்டுக்கறி நூடுல்ஸ் வாங்கிக்கொண்டு மேலே போனேன். அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. லான் அக்கா தரையில் உட்கார்ந்து, நேற்று அவர் அறுத்துப் போட்ட துண்டுகளைப் பொறுக்கி ஒன்றோடொன்று சேர்த்து, நூலால் அடியில் ஒரு சுற்றுச் சுற்றி, மண்ணுக்குள் அழுத்திக்கொண்டிருந்தாள். மேலிருந்து பார்த்தால் முழுச் செடி.

“இன்னிக்கும் இதையே குடுப்பேன். அவருக்குத் தெரியாது” என்றாள்.

ஒன்றரை வருஷம் இப்படி ஓடியது. சனிக்கிழமைதோறும் சந்தை. அவர் பிரித்தார், அவள் சேர்த்தாள். நாலாம் நாள் சேர்க்க எதுவும் இருக்காது. பச்சைத் தூள்தான்.

இதற்கு நடுவில் அவளுக்கு ஒரு வெறி பிடித்தது. அவர் கொன்றதை எல்லாம் தான் பிழைக்க வைத்தே தீருவது என்று. ஆற்று மணலைச் சலித்து மரப்பெட்டியில் பரப்பி, ஒற்றைத் தண்டுகளை ஊன்றி, மேலே பாலிதீன் மூடினாள். மேஸ்திரியின் மேஜை டிராயரில் இருந்த காகிதப் பொட்டலத்தைக் கண்டுபிடித்தாள். அவர் கையெழுத்தில் தேதி போட்ட ஏட்டுமூங்கில் விதை, ஊன்ற மறந்து மூன்று குளிர்காலம் தாண்டியது. இந்த விதை காத்திருக்காது என்று அவர் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. சொல்ல மனமில்லை. அவள் தண்ணீரில் ஊறவைத்து, ஒவ்வொன்றாக ஊன்றி, தினமும் காலையில் பாலிதீனை விலக்கிக் குனிந்து பார்த்தாள். செடி என்றாலே ஆகாதவள். அறுபத்து மூன்று வயதில் மண் நகத்தில் ஏறி, எப்போது பார்த்தாலும் கை கறுப்பாக இருந்தது.

விதை ஒன்றும் வரவில்லை. தண்டுகளில் ஒன்று மட்டும் இரண்டு மாதம் பச்சையாகவே நின்றது. வேர் பிடித்துவிட்டது என்று என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். விரலால் மணலை விலக்கி மெள்ள எடுத்துப் பார்த்தாள். அடியில் ஒன்றுமே இல்லை. வைத்த குச்சி வைத்தபடி.

“சாகறதுக்கு நேரம் எடுத்துக்கிச்சு, அவ்வளவுதான்” என்றாள். பெட்டியைத் தூக்கிப் படிக்கட்டு வழியாகவே குப்பைக்குக் கொண்டுபோனாள். படியெல்லாம் மணல்.

அந்தக் குளிர்காலத்தில் மேஸ்திரி அவளையும் தொலைத்துவிட்டார். ஒரு நாள் சூப் ஊட்டும்போது அவள் கையைத் தடுத்து, “தங்கச்சி, நீ எந்த ஷிப்ட்டு?” என்று கேட்டார்.

“பகல் ஷிப்ட்டு” என்றாள்.

“அப்ப வீட்டுக்குப் போம்மா, நேரமாச்சு. என் பொண்டாட்டி வந்துடுவா. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.”

“எவ்வளவு நீளம்?”

“ஹான் ஆறு அளவுக்கு.” ரகசியமாகக் குனிந்து சொன்னார். “என் செடியெல்லாம் வித்துட்டா, தங்கச்சி. நல்லவதான். ஏன் இப்படிப் பண்ணான்னு தெரியல.”

அவள் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து போய்ச் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் ஓடும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

புத்தாண்டுக்கு மகள் துவான் லீ ஷென்ஜனிலிருந்து வந்தாள். தொழிற்சாலையில் சூப்பர்வைசர். நல்ல பெண். வந்த மூன்றாம் நாள் பேச்சை எடுத்தாள். “அம்மா, உன் எடை எவ்வளவு தெரியுமா? நான் உன்னைத் தூக்கிடுவேன். அப்பாவ முதியோர் இல்லத்துல சேத்துடலாம்.”

“உங்கப்பா என்ன பழைய சைக்கிளா, கொண்டுபோய் நிறுத்திட்டு வர்றதுக்கு?”

“ரெண்டு பேரையும் நான் இழக்கணுமா?”

முந்தின வாரம்தான் மேஸ்திரியைக் குளிப்பாட்டும்போது லான் அக்காவும் அவருமாக விழுந்து, எழுந்திருக்க முடியாமல் ஈரத்தரையில் கிடந்தார்கள்; நான் போய்த் தூக்கினேன். மகளுக்கு அதைச் சொன்னதே நான்தான். இன்றைக்கும் சரியாகச் செய்தேனா என்று எனக்குத் தெரியவில்லை.

இல்லத்துக்குப் போகிற நாளுக்கு முந்தின மத்தியானம் அவள் கீழே வந்தாள். “அந்தப் பெரிய தொட்டியக் குடு.”

என் பின் அறையில் அது நன்றாக இல்லை. வடக்கு ஜன்னல், வெளிச்சம் போதாது. பாதிக் கொடி காய்ந்திருந்தது. ஆனாலும் அடியில் புதுத் தண்டு இரண்டு விட்டிருந்தது.

“அக்கா, மிஞ்சினது இது ஒண்ணுதான்.”

“யாருக்காக மிஞ்சியிருக்கு?” என்றாள்.

இருவருமாகத் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தோம். டிவியில் ஏதோ இசைநாடகம் ஓடிக்கொண்டிருந்தது. லான் அக்கா செய்தித்தாளை விரித்தாள். மொக்கைக் கத்தியைக் கையில் திணித்தாள்.

“மேஸ்திரி, யார் வந்திருக்குன்னு பாருங்க. நான் விக்கல. இதோ இருக்கு.”

அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கத்தியைப் புரட்டிப் பார்த்துவிட்டு மேஜையில் வைத்தார்.

“வேர் அடைச்சிருக்குங்க. மூச்சு விட முடியலயாம். பிரிங்க, எவ்வளவு வேணும்னாலும் பிரிங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

அவர் தலையைச் சாய்த்து, செடியைத் தாண்டிப் பார்க்க முயன்றார். பிறகு ரொம்ப மரியாதையாக, “தங்கச்சி, இது டிவிய மறைக்குது” என்றார்.

லான் அக்கா கத்தியை எடுத்தாள். தொட்டியைக் கவிழ்க்கவில்லை, மண் உதிர்க்கவில்லை. நடுவில் வைத்து இரு கையாலும் அழுத்தினாள். மொக்கைக் கத்தி; இறங்கவில்லை. ரம்பம் போல இழுத்து இழுத்து அறுத்தாள். கிழங்குகள் நசுங்கும் சத்தம் கேட்டது. நான் கையைப் பிடித்தேன், உதறினாள். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பாட்டு முடிந்ததும் கை தட்டினார்.

அவர் இல்லத்தில் ஏழு மாதம் இருந்தார். அவள் தினமும் இரண்டு பஸ் மாறிப் போனாள். அவருக்கு அவள் பகல் ஷிப்ட்டுத் தங்கச்சி. பிறகு அதுவும் இல்லை. கடைசியில் விழுங்குவது மறந்துவிட்டது. நிலாத் திருநாளுக்கு நாலு நாள் முன்னால் நுரையீரலில் சளி கட்டிப் போய்ச் சேர்ந்தார். மில்காரர்கள் நிறைய பேர் வந்திருந்தார்கள். ‘எங்க வீட்டுச் செடி அவர் குடுத்தது’ என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். யார் வீட்டிலும் அது இப்போது இல்லை.

மகள் ஷென்ஜனுக்குக் கூப்பிட்டாள். லான் அக்கா போகவில்லை. பால்கனியைக் கழுவித் துடைத்து, ஜன்னலைச் சாத்திவிட்டாள். தூசி இல்லை, அங்கே எதுவுமே இல்லை. காரியம் முடிந்து ஒரு மாதம் போன பிறகு ஒரு நாள் நூடுல்ஸ் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாதி சாப்பிட்டாள்.

“நான் அவரப் பூட்டி வெச்சேன்ல, சின்ன ஹூ.”

“வேற என்ன வழி இருந்துச்சு, அக்கா?”

“வழி இருந்திருக்கும். எனக்கு அசதியா இருந்துச்சு.”

நான் கிண்ணத்தை எடுத்துக் கழுவினேன். அவள் எழுந்து உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். சாயங்காலம் மைதானத்தில் பெண்கள் ஆடும் பாட்டுச் சத்தம் மேலே வரை வருகிறது. கமிட்டியிலிருந்து இரண்டு தடவை வந்து ஆடக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். இந்த மாதம் முழுக்க அவள் படியிறங்கியது ஒரே ஒரு முறை, அதுவும் அரிசி வாங்குவதற்காக.